மூடி வைத்த கோப்பை

எங்கள் ஊரில் நோன்பு மாதத்தில் மூடி வைத்த கோப்பைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அது யாருடைய வீட்டுக்கோ போகப்போகிறது. கல்முனையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும் அன்று பின்னேரத் தொழுகையான அசர் தொழப்போகும் அவசரத்தில் கஞ்சிக் கோப்பையை ஒரு பீங்கான் தட்டால் மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

நான் சாப்பாட்டைப் படம் எடுக்கிறவள். வெறும் சாப்பாட்டை அல்ல, அதன்மேல் ஆட்களை நிறுத்தி எடுப்பேன். ஆட்கள் ஒவ்வொருவரும் என் பெருவிரல் நகத்தளவு உயரம். கட்டப்போகும் வீட்டை அட்டையில் சிறிதாகச் செய்து காட்டுவார்கள் அல்லவா, அந்த அட்டை வீட்டின் முற்றத்தில் நிறுத்துவதற்கென்று விற்கிற பிளாஸ்டிக் ஆட்கள். சீனாவிலிருந்து நூறு பேர் ஒரு பொலித்தீன் பைக்குள் வந்து சேர்ந்தார்கள். பையைப் பிரித்து மேசையில் கொட்டியபோது திகைத்துப் போய்விட்டேன். ஒரு வெற்றிலை அளவு இடத்தில் ஒரு தெருச் சனம் கிடந்தது. குடை பிடித்தவன், நாற்காலியில் இருப்பவள், நீந்துகிறவன், கைப்பெட்டியோடு எங்கோ போகிறவன். எல்லாரும் வெள்ளை வெளேரென்று வந்தார்கள். நானே நுண்ணிய தூரிகையால் சாயம் பூசினேன். பெண்களுக்கு முக்காடும் போட்டுவிட்டேன்.

முதல் படம் வட்டிலப்பம் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பில். அதன் நடுவில் ஒரு குழி தோண்டி மண்வெட்டியோடு இரண்டு பேரை இறக்கினேன். பிறகு ஒரு துண்டு மஸ்கட் அல்வாவின் எண்ணெய் மினுக்கத்தில் ஒருவன் வழுக்கி விழுந்து கிடந்தான். சோற்றுக் குவியலுக்குள் நான்கு பேரை அரிவாளோடு நிறுத்தி எடுத்த படம்தான் ஊரெல்லாம் சுற்றியது. சம்மாந்துறையில் வயல் செய்கிற என் மச்சான் அதன்கீழே, "வெட்டினது போதும், சூடடிக்க ஆள் இல்லையா, நான் வரட்டா" என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் சிரித்தேன்.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள். சோற்றில் விளையாடுகிறாள் என்றார்கள். உருவம் இருக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்றார்கள். முதலாவதற்கு என்னிடம் பதில் இருந்தது. படம் எடுத்த சாப்பாடு ஒன்றையும் நான் வீசியதில்லை, ஆட்களைப் பொறுக்கிவிட்டு நாங்களே சாப்பிட்டுவிடுவோம். இரண்டாவதற்குப் பயந்து, ஆட்கள் எல்லாரையும் ஒரு மாத்திரை டப்பாவில் அடைத்து வெளியே, விறகு வைக்கிற இடத்தில் குடிவைத்தேன். படம் எடுக்கும்போது மட்டும் உள்ளே வருவார்கள். அதற்கும் கதைத்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று விட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ரோசம் அதைவிட நீளம். ஒருவர் வேண்டாம் என்றால் இரண்டு படம் கூடுதலாக எடுக்கிறவள் நான்.

ஒன்றும் சொல்லாதவள் என் ராத்தா மட்டும்தான். எனக்கு நேர் மூத்தவள், இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். அவளிடம் இருப்பது பட்டன் போன். என் படம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

அன்று நோன்பு பதினேழோ பதினெட்டோ. கஞ்சியில் ஒரு கடற்கரை எடுக்க வேண்டுமென்று நாலைந்து நாளாகவே மனதில் கிடந்தது. தேங்காய்ப்பால் விட்டு இறக்கிய கஞ்சி நுரைத்துக்கொண்டு வெள்ளையாக நிற்கும்போது அதைக் கடலாக்கலாம் என்று தோன்றியிருந்தது. அகலமான வெள்ளைக் கோப்பையை எடுத்தேன். ஒரு ஓரத்தில் வறுத்த மாவைக் கொட்டிக் கரையாக்கினேன். கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தைப் பிளந்து மிதக்கவிட்டேன், தோணி ஆகிவிட்டது. தோணியில் இரண்டு பேர். கரையில் பச்சை முக்காட்டோடு ஒரு பெண், அவளுக்குப் பக்கத்தில் குடை பிடித்தவன். கஞ்சியின் நடுவில், இடுப்பைச் சுற்றி வளையம் மாட்டிய ஒரு சின்னப் பெண்பிள்ளை. ஆக ஐந்து பேர்.

அசர் தொழுகைக்கு வாங்கு சொன்ன பிறகு எங்கள் குசினி யன்னலால் வருகிற வெயில்தான் எனக்கு வேண்டியது. சரிந்து, மஞ்சளாக, கஞ்சியின் மேல் ஆடை மினுங்கும்படி வரும். நோன்போடு சாப்பாட்டைப் படம் எடுப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. கை தவறிக்கூட வாய்க்குப் போகாது. போனில் கண்ணாடி வில்லையை மாட்டி, குனிந்து, மூச்சை அடக்கி இருபது முப்பது எடுத்தேன். முகங்களில் வெளிச்சம் விழவில்லை. பல்லுக்குத்தியின் நுனியால் தோணிக்காரர்களைத் திருப்பினேன், கரையில் நின்றவளைத் திருப்பினேன், குடைக்காரனைத் திருப்பினேன். எல்லாரும் யன்னலைப் பார்த்ததும் படம் உயிர் பெற்றுவிட்டது. இதுவரை எடுத்ததிலேயே இதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு சந்தோசம்.

தோணி கஞ்சியில் ஊறி அமிழத் தொடங்கியது. அதைத் தூக்கினேன். கரையில் நின்றவர்களையும் எடுத்து, நான்கு பேரையும் கழுவித் துணியில் காயவைத்து, மாவை வழித்து, கோப்பையின் விளிம்பையும் துடைத்தேன். பிள்ளையை மட்டும் விட்டுவைத்தேன். அது தனியாக மிதப்பதைக் கிட்டத்தில் ஒரு படம் எடுக்க ஆசை. ஆனால் நான் இன்னும் அசர் தொழவில்லை, நேரம் போய்க்கொண்டிருந்தது. ஈ விழக்கூடாதே என்று மேலே ஒரு பீங்கானைக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போனேன்.

தொழுது முடித்துச் சலாம் கொடுத்து எழுந்து வந்தபோது மேசையில் கோப்பை இல்லை. கழுவின ஆட்கள் துணியில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நான்கு பேர்.

என் கணவர் கிணற்றடியில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்துகொண்டிருந்தார்.

"மேசையில இருந்த கோப்பை எங்க?"

"மூடி வெச்சிருந்ததையா? மதினிட ஊட்டுக்குக் குடுத்திட்டு வந்தன். அதுக்குத்தானே வெச்சிரிக்க?"

"திறந்து பாத்தீங்களா?"

"மூடிக் கெடக்கிறத ஆரும் திறந்து பாப்பாங்களா? அதுவும் நோன்போட."

"அதுக்குள்ள ஒரு புள்ள கெடக்கு."

அவர் கையில் அள்ளிய தண்ணீர் அப்படியே வழிந்தது. நான் அவரைப் பேசிய பேச்சு நோன்பாளி பேசக்கூடாத பேச்சு. அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. மூடிய கோப்பையைக் கண்டார், உரிய இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் ஊரில் எந்த ஆணும் அதைத்தான் செய்வார். அதுவும் ஆக நல்ல கோப்பையில் இருந்ததால், அவருக்கு மதினியான என் ராத்தாவுக்கென்றே நினைத்திருக்கிறார்.

நோன்பு திறக்கும் வாங்கு சொல்ல இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. நோன்பு பிடித்தவர்கள் யாரும் அதுவரை அந்தக் கஞ்சியைத் தொடமாட்டார்கள். ஆனால் ராத்தாவின் வீட்டில் நோன்பு இல்லாத ஒரு ஆள் இருந்தது. ராத்தாவின் மகளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண்பிள்ளை. எங்கிருந்து கஞ்சி வந்தாலும் முதல் கரண்டி அவளுக்குத்தான். பெரியவர்களுக்கு நோன்பு திறக்க ஆயத்தம் செய்யுமுன் பிள்ளையின் வயிற்றை நிரப்பிவிடுவார்கள். இந்த நேரத்தில்தான்.

போனை எடுத்து ராத்தாவின் மகளுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் ஊரில் யார் போன் எடுப்பார்கள், எல்லாப் பெண்களும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பார்கள். ராத்தாவுக்கு அடித்தேன். அவளது போன் எப்போதும் எங்காவது ஒரு தலையணைக்குக் கீழே கிடக்கும். தொழுத உடுப்போடு, செருப்பும் போடாமல் இறங்கி ஓடினேன்.

பள்ளிவாசலுக்கு முன்னால் கஞ்சிக்கு வாளிகளோடும் சட்டிகளோடும் சனம் வரிசையில் நின்றது. நடுவால் புகுந்தேன். "என்ன கா இந்த ஓட்டம், ஊட்டுல ஆருக்கும் ஒடம்புக்கு ஏலாதா?" என்று ஒரு பெண் கேட்டாள். என்னவென்று சொல்வது? கஞ்சிக்குள் நான் போட்ட பிள்ளை இன்னொரு பிள்ளையின் தொண்டைக்குள் போகப்போகிறது என்றா? சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். எதிரே வந்த பிள்ளைகள் எல்லாம் கையில் மூடிய கோப்பைகளோடு வந்தார்கள். என் வாழ்நாளில் அன்றுதான் மூடிய கோப்பையைக் கண்டு பயந்தேன்.

அந்த வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு ஒன்று நடக்கக்கூடாது. ஓடும்போது என் மனதில் இருந்தது இது ஒன்றுதான். ராத்தாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவளைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. அப்போது நாங்கள் எல்லாரும் கடற்கரை ஓரம்தான் இருந்தோம். அவளுக்கு நாலு வயது, காலையில் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். ராத்தா வீட்டுக்குள் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், முற்றத்துக்கு முதுகைக் காட்டியபடி. கைக்குழந்தை அவளோடு தப்பியது. மூத்தவளின் மையித்துக்கூட அடக்கக் கிடைக்கவில்லை. ராத்தா இதைப் பற்றி இதற்குமேல் யாரிடமும் ஒரு சொல் கதைத்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. அந்தக் கைக்குழந்தைதான் வளர்ந்து, கலியாணம் முடித்து, இப்போது ஒரு மகளுக்கு உம்மாவாக எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறாள்.

கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் பாயில் ராத்தா இருந்தாள். மடியில் பேத்தி. முன்னால் என் வெள்ளைக் கோப்பை, கஞ்சி கொஞ்சம் குறைந்திருந்தது. பிள்ளையின் கன்னம் உப்பியிருந்தது, வாய்க்குள் ஏதோ இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பாய்ந்து போய், பிள்ளையின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலைவிட்டேன்.

வெந்த அரிசி. வாசத்துக்குப் போட்ட ஒரு துண்டு ரம்பை இலை. வேறு ஒன்றும் இல்லை. இன்னும் உள்ளே விரலைவிட்டேன். பிள்ளை ஓங்காளித்து, என் கையெல்லாம் சத்தி எடுத்து வீரிட்டது. நான் அந்தச் சத்தியையும் விரலால் அளைந்து பார்த்தேன். வெட்கம், அருவருப்பு ஒன்றும் எனக்கு இல்லை. அதற்குள்ளும் இல்லை. அப்படியென்றால் விழுங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

சத்தம் கேட்டு ராத்தாவின் மகள் கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன சாச்சி செய்யிறீங்க? புள்ளைய என்ன செய்யிறீங்க?"

"கஞ்சி குடுத்தீங்களா? எவ்வளவு குடுத்தீங்க? இருமினாளா?" என்று நான் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிள்ளை நன்றாக, முழுச் சத்தத்தோடு அழுதது. அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

ராத்தா இவ்வளவுக்கும் அசையவில்லை. மடியில் இருந்த பிள்ளையை நான் இழுத்தபோதும் அசையவில்லை. அவளது வலக்கை பொத்தியிருந்தது. என்னைப் பார்த்து அதை மெதுவாக விரித்தாள்.

உள்ளங்கையில் என் பிளாஸ்டிக் பிள்ளை கிடந்தது. வளையம் கழன்று பக்கத்தில் கிடந்தது. கஞ்சி ஒட்டாமல், துப்புரவாக, காய்ந்திருந்தது. முந்தானையால் துடைத்திருக்கிறாள்.

"ரெண்டாம் கரண்டியில வந்திச்சு," என்றாள். "எலும்புத் துண்டெண்டு நெனச்சன். விரலால தடவிப் பாத்தா தல இரிக்கி, கை இரிக்கி."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு அப்படியே பாயில் இருந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிழைத்தோம் என்ற நினைப்பில், வாய் ஓயாமல் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். படம் எடுத்தது, தொழப் போனது, மூடி வைத்தது, அவர் தூக்கிக்கொண்டு வந்தது. அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே திட்டினேன். ராத்தாவின் மகளுக்கு விசயம் விளங்கியதும் அவளும் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல காலம் சாச்சி, உம்மா விரல் விட்டுப் பிசைஞ்சுதான் எப்பவும் குடுக்கிற" என்று சொல்லிவிட்டு, கருகுகிற மணத்துக்கு உள்ளே ஓடினாள்.

ராத்தா சிரிக்கவில்லை.

"ஆர்ட புள்ள இது?" என்று கேட்டாள்.

"ஆர்டையும் இல்ல ராத்தா. பொம்மை. படம் எடுக்கப் போட்டது."

"அந்தப் படத்தக் காட்டு."

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை அதிர்ச்சி. நானும் அந்தக் கடலைக் கண்டு ஓடியவள்தான். ஓடும் வழியில் எதையெல்லாம் கண்டேன் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரு கோப்பைக்குள் கடல் செய்து, நடுவில் ஒரு பிள்ளையைப் போட்டு, வெளிச்சம் நல்லாயிருக்கிறது என்று சந்தோசப்பட்டிருக்கிறேன். இரண்டு ஒழுங்கையை ஓடிக் கடந்தபோது மூத்தவளை நினைத்தேன். நினைத்தும் அந்தப் படத்தையும் அவளையும் சேர்த்துப் பார்க்க என் மண்டைக்கு எட்டவில்லை. ராத்தா என் படத்தைப் பார்க்கப்போகிறாள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. போனைத் திறந்து, ஆக நல்ல படமாகத் தெரிந்தெடுத்து நீட்டினேன்.

அவள் அதை இடக்கையில் வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தோணில ஆரு?"

"சும்மா, தோணில போற ஆக்கள்."

"கரையில பச்ச முக்காட்டோட நிக்கிறவ?"

"அது அந்தப் புள்ளட உம்மா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. படம் எடுக்கும்போது அவள் யாருடைய உம்மாவும் அல்ல. கேட்டதும் வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. போனைப் பிடுங்க வேண்டும்போல் இருந்தது.

ராத்தா கோபப்படவில்லை. குரல்கூட உயரவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"இவங்க ரெண்டு பேரும் அங்கால பாக்காங்க. குடைக்காரனும் அங்கால பாக்கான். உம்மாக்காரியும் அங்கால பாக்கா." போனை என்னிடம் திருப்பித் தந்தாள். "ஒருத்தரும் அந்தப் புள்ளயப் பாக்கல்லியே கா."

நான் திருப்பிய முகங்கள் அவை. பல்லுக்குத்தியின் நுனியால், ஒவ்வொன்றாக, வெளிச்சத்துக்காக. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? ராத்தா என்று மட்டும் சொன்னேன்.

ராத்தாவின் மகள் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து பாயில் வைத்தாள். இனி வீட்டுக்குப் போகாதீங்க சாச்சி, இங்கேயே நோன்பு திறந்துவிட்டுப் போங்க என்றாள். நான் எழும்பவில்லை. எழும்பத் தைரியம் இல்லை. அந்தச் சின்னவள் அழுகை ஓய்ந்து, தோளில் சாய்ந்தபடி என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கேட்கவில்லை. ராத்தா தரவும் இல்லை.

வாங்கு சொன்னது.

என் ராத்தா, இடக்கையால் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் பிள்ளைகளின் கையில் அடிக்கிறவள். பிஸ்மி சொல்லி, அன்று இடக்கையை நீட்டிப் பேரீச்சம்பழத்தை எடுத்தாள். இடக்கையாலேயே தண்ணீரையும் எடுத்துக் குடித்தாள். அவளது மகள் அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவளது காலைத் தொட்டு வேண்டாம் என்றேன். ராத்தாவின் வலக்கை மடியில் பொத்தியபடியே இருந்தது.